சுமக்க வேண்டியதும் பகிர வேண்டியதும்

ஞாயிறு திருப்பலியில் மறையுரை நடந்துகொண்டிருக்கும் வேளையில், நடுவரிசையில் அமர்ந்திருக்கும் பெண்மணி ஒருவர் திடீரென எழுந்து கோவில் வாசற்படியில் போய் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொள்கிறார். கையிலுள்ள பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொள்கிறார். சற்று நேரத்தில் திரும்பி வந்து அமர்கிறார். அவருக்குப் பக்தி குறைந்துவிட்டதென்று எண்ணுவோரும் உண்டு. வீட்டிலோ அவர் சிறு சொல்லுக்கும் சினக்கிறார். காரணமின்றிக் கண் கலங்குகிறார். "அம்மாவுக்கு வரவரப் பொறுமையே இல்லை" என்கிறார்கள் பிள்ளைகள். நள்ளிரவில் அவர் வியர்வையில் நனைந்து எழுந்ததையும், பின்னர் விடியும்வரை கண்மூடாமல் கிடந்ததையும் அவர்கள் அறியார்.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் கருவுறுதல் பற்றி நாம் கற்பிக்கிறோம். அந்த ஆற்றல் ஓயும் காலத்தைப் பற்றியோ வாய் திறப்பதில்லை. நம் நாட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் 46, 47 வயதையொட்டி மாதவிடாய் நிற்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால் அது நின்றுவிட்டதென்று கொள்வர். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கிக் குறையத் தொடங்குகிறது. உடல் வெப்பத்தைச் சீராகக் காக்கும் மூளைப்பகுதி அதனால் தடுமாறுகிறது. சிறு வெப்பத்தையும் பெருவெப்பமாகக் கருதி, இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் தூண்டுகிறது. மார்பிலிருந்து முகம்வரை பரவும் அந்தக் காந்தல் சில நிமிடங்களே நீடிக்கும். ஆனால் ஒரே நாளில் பன்முறை வரலாம். சிலருக்கு இந்நிலை ஏழாண்டுகளுக்கும் மேல் தொடர்வதுண்டு. தூக்கமின்மை, மனச்சோர்வு, மறதி, மூட்டுவலி ஆகியவையும் உடன் வரும். இது நோயன்று, வாழ்வின் ஒரு பருவமே. எனினும் பருவத்தின் துன்பமும் துன்பமே.

இத்துன்பத்தைச் சொல்லத் துணியும் பெண்ணுக்கு நாம் தரும் அறிவுரை யாது? "ஆண்டவருக்கு ஒப்புக்கொடு" என்பதே. இவ்வுரையை நாம் இகழவில்லை. துன்பத்தைக் கிறிஸ்துவின் பாடுகளோடு இணைப்பது நம் விசுவாசத்தின் செல்வம். நம் அன்னையர் பலர் அவ்வாறு இணைத்தே புனிதமாக வாழ்ந்தனர். ஆயினும் இங்கு ஒரு கேள்வி எழுகிறது. காணிக்கையைத் தருபவர் மனமுவந்து தரவேண்டும். தன் துன்பத்தை ஒப்புக்கொடுக்கும் உரிமை துன்புறுபவருக்கே உரியது. அருகில் நிற்கும் நாம் அவருடைய துன்பத்தை எடுத்துப் பீடத்தில் வைக்க இயலுமா? நம் கடமையைத் தட்டிக்கழிப்பதற்காக அவருடைய பக்தியை நாம் துணைக்கு அழைக்கிறோமோ?

திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. பெண் வேதனையோடு பிள்ளை பெறுவாள் என்னும் தொடக்கநூலின் வாக்கைக் காட்டி, பேறுகால வலியைத் தணிப்பது தகாதென்று சிலர் வாதிட்டதுண்டு. அவ்வாக்கு வலி தணிக்கும் வழிகளைத் தடை செய்யவில்லையென்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1956இல் விளக்கினார். துன்பத்தைத் துன்பத்திற்காகவே விரும்பும் கடமை கிறிஸ்தவருக்கு இல்லையென்பதை 1957இல் மருத்துவர்களிடம் எடுத்துரைத்தார். துன்பத்தின் கிறிஸ்தவப் பொருளைப் பற்றி 1984இல் மடல் வரைந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அதன் இறுதிப் பகுதியில் நல்ல சமாரியரிடம் நம்மை அழைத்துச் செல்கிறார். அடிபட்டுக் கிடந்தவனுக்குச் சமாரியர் பொறுமையைப் போதிக்கவில்லை. எண்ணெயும் இரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினார்.

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண்ணையும் நினைவுகூர்வோம். அவருடைய நோய் வேறு. ஆனால் உடலின் மறைவிடத் துன்பத்தால் வாய் மூடி வாழ்ந்த நிலை ஒத்தது. அவர் மருத்துவர் பலரிடம் சென்று பொருளையெல்லாம் இழந்தாரென்று மாற்கு குறிப்பிடுகிறார். அதற்காக ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. யாருமறியாமல் தொட்டுச் செல்ல வந்தவர் அனைவர் முன்னிலையிலும் தன் நிலையைச் சொன்னார். மகள் என்று அழைக்கப்பெற்றார்.

"நம் பாட்டிமார் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளவில்லையா?" என்று கேட்பர். பொறுத்தனர். எவ்வாறு பொறுத்தனர் என்பது நமக்குத் தெரியாது. ஏனெனில் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

கலாத்தியருக்கு எழுதிய மடலின் ஆறாம் அதிகாரத்தில் பவுலடியார், ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்குமாறு பணிக்கிறார். சில வரிகளுக்குள்ளேயே, ஒவ்வொருவரும் தத்தம் சுமையைத் தாங்க வேண்டும் என்கிறார். இது முரணன்று. கிரேக்க மூலத்தில் அவை இரு வேறு சொற்கள்: ஒன்று அழுத்தும் பாரம், மற்றொன்று அவரவர் மூட்டை. இளமை கழிந்ததை ஏற்பதும், இனித் தாய்மையுறும் வாய்ப்பில்லை என்பதை மனத்தில் அமைத்துக்கொள்வதும் அப்பெண்ணின் மூட்டை. அதை வேறெவரும் சுமக்க இயலாது. உறக்கமிழந்த இரவுக்குப் பின் விடியற்காலை அடுப்படியில் நிற்பதோ பகிரத்தக்க பாரம்.

அப்பாரத்தைப் பகிரும் வழிகள் எளியவை. பருத்தி ஆடையும், காற்றோட்டமுள்ள படுக்கையும், காப்பியையும் காரத்தையும் குறைப்பதும், நாள்தோறும் சிறிது நடப்பதும் துணைபுரியும். எலும்பு தேயும் காலமாதலால் கேழ்வரகு, கீரை, பால், நெத்திலி போன்றவை அவர் தட்டிலும் வரட்டும். எல்லோருக்கும் பரிமாறி மிஞ்சியதை உண்ணும் வழக்கம் மாறட்டும். துன்பம் மிகுந்தால் மருத்துவரிடம் கணவரும் உடன் செல்ல வேண்டும். ஹார்மோன் சிகிச்சை குறித்து 2002இல் அமெரிக்க ஆய்வொன்று பெரும் அச்சத்தை எழுப்பியது உண்மையே. பின்னர் மேலும் ஆராய்ந்த மருத்துவர்கள், 60 வயதுக்குட்பட்டு, மாதவிடாய் நின்று பத்தாண்டு கடவாத, வேறு தடையற்ற பெண்களுக்கு நன்மையே மிகுதியென்று கருதுகின்றனர். யாருக்குத் தகும் என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் மீண்டும் உதிரம் கண்டால் நாணமின்றி உடனே காட்டவேண்டும். அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

உலகம் மாதவிடாய் நிறுத்த விழிப்புணர்வு நாளைக் கடைப்பிடிப்பது அக்டோபர் 18இல். மருத்துவரான புனித லூக்காவின் திருநாளும் அதுவே. அன்று நம் அன்பியக் கூட்டங்களில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம்; ஆண்களும் அமர்ந்து கேட்கலாம். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. இன்றிரவு இரண்டு மணிக்கு நம் வீட்டில் ஒருவர் வியர்த்து எழுந்து இருட்டில் அமர்ந்திருக்கக்கூடும். எழுந்து சன்னலைத் திறந்து, ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, "காலையில் சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படு" என்று நம்மால் சொல்ல முடியும். அதன்பின் அவர் ஒப்புக்கொடுக்க விரும்புவதை அவரே ஒப்புக்கொடுக்கட்டும்.