பூசாரியின் குழந்தை

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இன்று கொல்லிமலைக்குப் பேருந்து ஏறிவிடுகிறது. நூறாண்டுக்கு முன் நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். அப்படி ஏறிப்போய்க் குடியிருந்தவர்கள் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும். மருந்து கொடுத்தார்கள், காலில் புறப்படும் நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதாக இழுத்தெடுத்தார்கள். ஆனாலும் மலை மக்கள் ஆண்டுக்கணக்கில் ஒதுங்கியே நின்றனர். அவர்களை அண்டக் கூடாது என்று பூசாரி சொல்லியிருந்தார்.

முதல் உலகப் போரை ஒட்டி விஷக்காய்ச்சல் மலையேறியது. கணவனும் மனைவியும் கஞ்சி காய்ச்சிக் குடிசை குடிசையாகச் சுமந்தனர். பூசாரியும் படுக்கையில் விழுந்தார். அருகில் வர ஊரார் அஞ்சினர். சாகும் தறுவாயில் தம் கைக்குழந்தையை அவர் இவர்களிடமே ஒப்படைத்தார். அது அந்த வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்தது. மருந்தால் வராத நம்பிக்கை அந்தக் குழந்தையால் வந்தது.

தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்விலும் அறம் இப்படி வீட்டு வாசற்படியில்தான் தொடங்குகிறது. 1914-ல் அவரை மணந்த டாக்டர் சுந்தர ரெட்டி, சமமாக நடத்துவதாக வாக்களித்தே கைப்பிடித்தார். 1930-ல், அந்த முறையிலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்கு விடுதிகள் இடம் தரவில்லை. முத்துலட்சுமி தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். ஒழிப்புச் சட்டம் 1947-ல் வந்தது. வீட்டுக் கதவு 17 ஆண்டு முன்பே திறந்துவிட்டது.

இந்த அறத்துக்கு வீட்டார் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பிராண்ட் தம்பதி 1923-ல் படிப்புக்காக லண்டனில் விட்டுவந்த மகன் பாலும் மகள் கோனியும் தந்தையை மறுபடி பார்க்கவேயில்லை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். தந்தி முந்திக்கொண்டது; கப்பலில் வந்த அவருடைய கடிதங்கள் அதன் பிறகும் வந்துகொண்டிருந்தன. இறந்துவிட்ட அப்பாவின் கையெழுத்தைப் பிரித்துப் படித்த அந்தப் பையன்தான், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். எவலினோ பணி ஓய்வுக்குப் பிறகும் மலைக்கே திரும்பினார். 1974-ல், 95 வயதில் காலமாகி, கணவர் பக்கத்திலேயே அடக்கமானார்.

இத்தனை பெரிய விலை நம்மிடம் யாரும் கேட்கவில்லை. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வருகிறோம். நம் வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு அடுக்களை ஜன்னலில் தனித் தம்ளர் கவிழ்ந்திருக்கிறது. ஊரைத் திருத்தப் புறப்படுமுன் அந்தத் தம்ளரை எடுத்து, நாம் குடிக்கும் தம்ளர்களோடு சேர்த்து அடுக்குவோம்.