உறுதிக்கு வெளியே நிற்பவர்

திருகோணமலையின் உள்துறைமுகத்தை அடுத்த ஓர்ஸ் ஹில்லில், காணிக் கைமாற்றங்களையே பெருந்தொழிலாகக் கொண்ட சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் சென்றிருந்தோம். நம்மோடு கற்பிக்கும் நண்பர் ஒருவர் நகரில் வீட்டுக்காணி ஒன்றை வாங்கினார். சாட்சியாக நம்மை அழைத்திருந்தார். உறுதி வாசிக்கப்பட்டது. வடக்கு எல்லை ஒழுங்கை, கிழக்கு எல்லை இன்னார் காணி, கிணற்றிற் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று சென்ற அந்த நடை, தமிழ் பயின்ற நமது செவிக்கு இனிக்கவே செய்தது. ஒப்பமிடுமுன் நொத்தாரிசு நம்மை நோக்கி, "விற்பவரை உங்களுக்கு நல்லாத் தெரியுந்தானே, மாஸ்டர்?" என்று கேட்டார். அந்த மனிதரை நாம் அன்று காலைதான் முதன்முதலிற் கண்டோம். நண்பரின் முகத்தைப் பார்த்தோம். "தெரியும்" என்று சொல்லி ஒப்பமிட்டோம்.

சிறிய பொய்தான். நாட்டில் நாள்தோறும் சொல்லப்படுவது. எனினும், அக்கேள்வி ஏன் கேட்கப்பட்டது, யாருக்காகக் கேட்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கும்போது அதன் சிறுமை குறைந்துகொண்டே போகிறது.

இலங்கையிற் காணி விற்பனை வாய்ச்சொல்லால் நிறைவேறுவதில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் ஒருங்கே முன்னிற்க எழுதப்படாத காணி விற்பனை செல்லாது என்று விதித்தது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் அவர் செய்ய வேண்டியவற்றை நுணுக்கமாக வகுத்தது. ஒப்பமிடுவோரைத் தாம் அறிந்திருக்க வேண்டும். அறியாராயின் சாட்சிகளேனும் அறிந்திருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்க வேண்டும். காணிப் பதிவகத்தின் ஏடுகளை முன்கூட்டியே ஆராய வேண்டும். பணம் தம் கண்முன் கைமாறியதா இல்லையா என்பதையும் அத்தாட்சியில் எழுத வேண்டும்.

இவ்விதிகளைக் கூர்ந்து நோக்கின் ஓருண்மை புலப்படும். வாங்குபவருக்கு அவர் நலம், விற்பவருக்கு விலை. கூலி கொடுப்பவரும் அவர்களில் ஒருவரே. ஆயினும், ஆள் யார் என்று கேட்பதும் பழைய ஏடுகளைப் புரட்டுவதும் பெரிதும் அந்த மேசையருகே இல்லாத ஒருவரின் பொருட்டே. அவர் பங்காளியாக இருக்கலாம், ஈடு பிடித்தவராக இருக்கலாம், கடல் கடந்து போனவராகவும் இருக்கலாம். கூலி தராத அந்த மூன்றாமவருக்கும் நொத்தாரிசு கடமைப்பட்டவர் அல்லவா?

நம் முற்போக்கு நண்பர்கள் சிலர் இதைக் கேட்டு நகைப்பர். சொத்துரிமைச் சட்டத்தரணி உடைமை வர்க்கத்தின் எழுத்துப்பிள்ளை, அவரிடம் அறம் தேடுவது வீண் என்பது அவர்கள் கட்சி. அதில் உண்மை இல்லாமலில்லை. மோசடியைத் தடுக்கச் சட்டம் இயற்றிய அதே 1840இல், குடியேற்ற அரசு 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தையும் இயற்றி, காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவே எனக் கொள்ளப்படும் என்றது. குடியானவனிடம் தாளைக் காட்டு என்ற ஆட்சி, தனக்கு வேண்டிய நிலத்துக்குத் தாள் எதுவும் காட்டவில்லை.

ஆனால், தாளே இல்லாத இடத்தில் யார் வெல்வர்? நம் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். 1782இல், ஒரே ஆண்டுக்குள், அதனை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரும் பறித்தனர். 1795இல் அது மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கரையில் வாழ்ந்த எவரிடமும் எவரும் ஒப்பம் கேட்டதில்லை. பீரங்கிக்குச் சாட்சி வேண்டியதில்லை. ஏழைக்குப் பீரங்கி இல்லை. கிழிந்த உறுதி ஒன்று இருந்தால் அதுவே அவன் ஆயுதம். அதனாலேயே இத்தொழிலை நாம் இகழ ஒருப்படோம். அதனிடம் கூடுதலாகவே கேட்கிறோம்.

இம்மாவட்டத்தில் 'இல்லாதவர்' என்பது கற்பனைப் பாத்திரமன்று. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வெவ்வேறு வேளைகளில் வீடுகளை விட்டு ஓடினர். 2006இல் வெளியேறிய சம்பூர் மக்களுட் பலர் தம் மண்ணை மீண்டும் மிதிக்க 2015 வரை காத்திருந்தனர். ஓடுகிறவர் குழந்தையைத் தூக்குவாரா, பெட்டியின் அடியிற் கிடக்கும் உறுதியைத் தேடுவாரா? மறுபுறம், 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டமோ, ஒருவர் பத்தாண்டு தடையின்றி, உரியவருக்கு எதிராக ஆட்சி செய்த நிலத்துக்கு உரிமை கோரலாம் என்கிறது. அமைதிக் காலத்தில் அது நியாயமே. கேட்க வராதவன் வேண்டாதவன் எனக் கருதலாம். குண்டுக்கு அஞ்சிப் போனவனின் மௌனத்தையும் அவ்வாறு கருதுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடையாகவே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பயங்கரவாதச் செயல்களால் தம் உரிமையை நாட இயலாதிருந்தோருக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிற் சேர்க்காதிருக்க அது வழி செய்தது. வராதிருந்தது இசைவு ஆகாது என்பதைச் சட்டநூல் ஒப்புக்கொள்ள நாட்டுக்கு அத்தனை இரத்தம் தேவைப்பட்டது.

வகுப்பிற் பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தை நாம் நடத்தும்போது, பக்திச் சுவையில் ஒன்றிய மாணவர் ஒரு செய்தியைக் கவனிப்பதில்லை. அது ஓர் ஆவண வழக்கு. மணப்பந்தலில் முதியவர் நீட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலைதான், மூலவோலை வேறு. திருவெண்ணெய்நல்லூர் அவையினர் பாட்டனாரின் கையெழுத்தை அவரது வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டே தீர்ப்பளிக்கின்றனர். எழுத்தை ஆராய்ந்தனர், பாட்டன் ஒப்பமிட்டபோது பிறந்திராத பேரனின் சம்மதத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. இறைவன் வாதியாக வந்த வழக்கு ஆதலின் முடிவு இனிதாயிற்று. காணி வழக்குகளில் இறைவன் வாதியாக வருவதில்லை.

நமது கதைக்கு மீள்வோம். விற்றவர் தாம் சொன்ன பெயருக்கு உரியவரே என்பதைப் பிற்பாடு விசாரித்து அறிந்தோம். நிம்மதி வந்தது. ஆனால், அதே விசாரணையில், அக்காணி அவருடைய தந்தையார் மரணசாதனம் எழுதாமல் விட்டுச்சென்றது என்பதும், அவருக்கு ஒரு தமக்கை உண்டு என்பதும் தெரியவந்தன. 1990இல் இந்தியாவுக்குப் போனவராம். அவர் பங்கு என்னவாயிற்று என்று கேட்டபோது நண்பர் சற்றுத் தயங்கி, "அவ இனி வரமாட்டா எண்டு தம்பிக்காரர் சொன்னவர்" என்றார். வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியாகிவிட்டது. வங்கிக் கடனும் எடுத்தாகிவிட்டது. நண்பரைக் குறைசொல்ல நமக்கு வாய் எழவில்லை.

தமக்கையாரின் முகவரியைத் தேடித் தரும்படி இப்போது நாம் அவரை நெருக்கி வருகிறோம். அவர் நம்மோடு முன்போற் பேசுவதில்லை. உறுதியின் மூலம் அவர் அலுமாரியில் இருக்கிறது. இணைப்பிரதி, சட்டப்படி, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் காணிப் பதிவாளருக்குச் சென்றிருக்கும். நொத்தாரிசின் பிரதி ஓர்ஸ் ஹில்லில் இருக்கிறது. விற்றவரை நாம் நன்கறிவோம் என்று மூன்றிலும் எழுதியிருக்கிறது.