பிள்ளையின் தொடை என்பும் பெற்றோரின் கையொப்பமும்

இன்னொருவருடைய உடம்பைக் கீறுவதற்கு நாம் அனுமதி கொடுக்கலாமா? இப்படிக் கேட்டால், "அதெப்படி? அவரவர் உடம்புக்கு அவரவர்தானே பொறுப்பு" என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆயினும் எமது பிள்ளையின் தொடை என்பு முறிந்து, வைத்தியசாலையில் எம்மிடம் ஒரு படிவத்தை நீட்டும்போது நாம் செய்வது அதைத்தான். கீறப்படுவது பிள்ளையின் கால். கையொப்பம் மட்டும் எம்முடையது. இந்தக் கையொப்பத்தின் பொருள் என்ன என்பதை எம்மவர் ஆறுதலாக இருந்து சிந்திப்பது குறைவு. சிந்திக்க வேண்டிய நேரம் வரும்போது ஆறுதல் இருப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எமக்கு முறிவு என்றதும் ஒட்டகப்புலம்தான் நினைவுக்கு வரும். எண்ணெய் பூசி, புக்கை கட்டி, மட்டை வைத்துக் கட்டிவிட்டால் என்பு தானே பொருந்திவிடும் என்பது எமது பெற்றோரின் நம்பிக்கை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. என்பைப் பொருத்துவது பரியாரியாரும் அல்லர், சத்திரசிகிச்சை நிபுணரும் அல்லர், உடம்புதான். அதிலும் பிள்ளைகளின் என்பு வெகு விரைவாகப் பொருந்தும். சற்றுக் கோணலாகப் பொருந்தினாலும் வளர வளரப் பெருமளவு நிமிர்ந்துவிடும். இரண்டு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் முறிந்த தொடை என்பு, மற்றக் காலை விட ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் கூடுதலாகவே வளர்வதுண்டு. ஆகவே முறிந்த நுனிகள் சிறிது ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பொருந்துவதை வைத்தியர்கள் அனுமதிப்பதும் உண்டு.

அப்படியானால் வைத்தியருக்கு என்ன வேலை? தொடையைச் சுற்றியுள்ள தசைகள் பலமானவை. முறிந்த நுனிகளை அவை இழுத்துக் காலைக் குறுக்கும், திருப்பும். பொருந்தும்வரை அதை நேராகப் பிடித்து வைத்திருப்பதே வேலை. 19ஆம் நூற்றாண்டில் லிவர்பூலில் வாழ்ந்த ஹியூ ஓவன் தோமஸ் இதற்கென ஒரு சட்டகம் செய்தார். முதலாம் உலகப் போரில் தொடை முறிந்த வீரர் பலரின் உயிரை அது காத்தது. இன்றும் அவசர சிகிச்சையில் அது பயன்படுகிறது. அவருடைய தந்தையார் பட்டம் பெறாத பரம்பரை முறிவு வைத்தியர் என்பதை, ஊர் வைத்தியத்தைக் கேலி செய்யும் எமது இளைஞர்களுக்காக இங்கே குறித்து வைக்கிறோம்.

இங்கிலாந்தில் இன்று என்ன செய்கிறார்கள்? நைஸ் எனப்படும் நிறுவனம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டல், வயதையும் நிறையையும் பார்த்துப் பிரிக்கிறது. பச்சைக் குழந்தைக்கு வார்ப்பட்டியோ, கால்களை மேலே தூக்கிக் கட்டுவதோ போதும். ஒரு வயது முதல் ஆறு வயதுவரை காலை இழுத்துக் கட்டி வைத்திருக்கலாம். நேரத்தோடு வீட்டுக்கு அனுப்புவதற்காக இடுப்பிலிருந்து பிளாஸ்ரர் போடுவதும் உண்டு. நான்கு முதல் பன்னிரண்டு வயதுவரை, ஐம்பது கிலோவுக்கு மேற்படாத பிள்ளைக்கு, என்பின் உள்ளே வளையும் கம்பிகளைச் செலுத்தலாம். அதற்கு மேற்பட்டவர்களுக்குத் தடித்த கம்பியோ தகடோ தேவைப்படலாம்.

கணக்கெழுதிப் பிழைக்கும் எம்முடைய கண் இங்கே ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. ஒரு வயது முதல் ஆறுவரை ஒரு வழி. நான்கு முதல் பன்னிரண்டுவரை இன்னொரு வழி. அப்படியானால் ஐந்து வயதுப் பிள்ளை? இரண்டு பத்தியிலும் இருக்கிறது. பெற்றோரின் சொல்லுக்கு உண்மையான எடை கிடைக்கும் இடம் இதுதான்.

முதல் வழியில் கத்தி இல்லை. ஆனால் பிள்ளை கட்டிலோடு கிடக்க வேண்டும்; அல்லது நெஞ்சுக்குக் கீழிருந்து கால்வரை பிளாஸ்ரருக்குள் வாரக்கணக்கில் இருக்க வேண்டும். மலசலம், குளிப்பு, காரில் ஏற்றுவது எல்லாமே பாடுதான். தாயோ தந்தையோ வேலைக்குப் போக முடியாது. இரண்டாவது வழி, பிரான்சின் நான்சி நகரத்து வைத்தியர்கள் 1980 ஐ அண்டிய ஆண்டுகளில் வளர்த்தெடுத்தது. முழங்காலுக்குச் சற்று மேலே இரு பக்கமும் சிறிதாகக் கீறி, வில்லாக வளைத்த இரண்டு மெல்லிய கம்பிகளை என்பின் உள்ளே ஏற்றுவார்கள். அவை எதிரெதிராக நெளிந்து நின்று என்பைத் தாங்கும். பிள்ளை சில நாட்களிலேயே ஊன்றுகோலுடன் எழும்பிவிடும். "கத்தி வைத்தால் பிள்ளை வளராது" என்று எம்மவர் அஞ்சுவது முற்றிலும் மூடத்தனம் அன்று. என்பின் நுனியருகே உள்ள வளர்ச்சித் தட்டு கெட்டால் வளர்ச்சி கெடும். அதனால்தான் கம்பியை அந்தத் தட்டுக்கு அப்பால் நுழைக்கிறார்கள். வளர்ந்தவர்களுக்கு இடுப்புப் பக்கமாக இறக்கும் விறைப்பான கம்பியைச் சிறு பிள்ளைக்குத் தவிர்ப்பதும், தொடை என்பின் தலைக்குப் போகும் இரத்தக் குழாய் சேதப்படலாம் என்பதால்தான். மயக்க மருந்து, கிருமித் தொற்று, கம்பியின் நுனி தோலில் உறுத்துவது, பின்னர் அதை எடுக்க இன்னொரு சத்திரசிகிச்சை ஆகியவை இந்த வழியின் செலவுகள்.

இதையெல்லாம் விளக்கிவிட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று வைத்தியர் கேட்கிறார். எம்மவரின் பதில் ஏறக்குறைய ஒன்றேதான்: "நீங்கள்தான் படித்தவர் டொக்டர், உங்களுக்குச் சரியெனப் பட்டதைச் செய்யுங்கோ." கேட்பதற்கு இது பணிவு. ஆனால் வைத்தியருக்குத் தெரிந்தது தொடை என்பு. இருட்டில் தனியாகப் படுக்க நடுங்கும் பிள்ளையா, மயக்க மருந்துக்கு முன்னொருமுறை ஒவ்வாமை வந்ததா, வீட்டில் தூக்கிப் பறிக்க ஆள் உண்டா என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் வாய் திறவாமல் இருப்பதைப் பணிவு என்று ஒப்புக்கொள்ள எமக்கு மனம் வரவில்லை. 2015 இல் ஸ்கொட்லாந்துத் தாய் ஒருவரின் வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், முக்கியமான ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டியது வைத்தியரின் கடமை என்று தீர்த்தது. சொல்வது அவர் கடமை என்றால், கேட்டு நிறுத்துப் பார்ப்பதும் ஒருவருடைய கடமை அல்லவா?

இனி மிகக் கடினமான இடம். தந்தைக்கு இரவு வேலை, தாய்க்குத் துப்புரவு வேலை, வீட்டுக் கடன் மாதாமாதம். ஆறு கிழமை வீட்டில் நிற்பது முடியாத காரியம். அதற்காகக் கத்தியைத் தேர்ந்தால் பாவமா? பாவம் என்று நாம் சொல்லமாட்டோம். பசித்த வீட்டில் பிள்ளைக்கும் நன்மை இல்லை. ஆனால் தர்மகர்த்தா தன் கைச் செலவைக் கோயில் கணக்கில் எழுதுவதில்லை. எமது வசதியை எமது பத்தியில் எழுதி, "இது எங்களுடைய இயலாமை" என்று வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் சமூகப் பணியாளர், வீட்டுக்கு வரும் தாதி என்று வேறு உதவி கிடைக்கவும் கூடும். அதை மறைத்து, "எல்லாம் பிள்ளையின் நன்மைக்குத்தான்" என்று எழுதுவது கள்ளக் கணக்கு. பெற்றோர் பிள்ளையின் சொந்தக்காரர் அல்லர், பொறுப்பாளர் மட்டுமே. 1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டமும் பெற்றோரின் உரிமையைப் 'பொறுப்பு' என்ற சொல்லாலேயே குறிக்கிறது.

எமது வீடுகளில் இன்னொரு வழக்கம் உண்டு. ஆங்கிலம் சரளமாக வராத தாய்க்கு, முறிந்த காலோடு கிடக்கும் ஒன்பது வயதுப் பிள்ளையே மொழிபெயர்க்கிறது. தன் காலில் என்ன நடக்கப் போகிறது, என்ன பிழைத்துப் போகலாம் என்று தானே தாய்க்குச் சொல்கிறது. தாய் பயப்படுவாள் என்று பாதியை விழுங்கியும் விடுகிறது. இப்படியான அனுமதியை அனுமதி என்று கொள்வது எப்படி? வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் இலவசமாக ஒழுங்கு செய்வார்கள். கேட்க வெட்கம் வேண்டாம்.

நடக்கத் தொடங்காத குழந்தையின் தொடை முறிந்தால் வேறு கேள்விகளும் வரும்: எப்படி விழுந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். உத்தியோகத்தரின் விசாரணை என்றாலே நெஞ்சு படபடக்கும் நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம், அவமானமாகத்தான் இருக்கும். ஆனால் தவழாத குழந்தையின் தொடை தானாக முறிவது அரிது. எவரோ வதைத்த குழந்தையைக் காக்க அந்தக் கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படுகிறது. கோபப்படாமல் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

கம்பி வைத்த பிள்ளைக்கு, என்பு நன்றாகப் பொருந்தியபின், பெரும்பாலும் ஓராண்டுக்குள் அதைக் கழற்றும் பேச்சு வரும். இப்போது அவசரம் இல்லை, வலியும் இல்லை. பிள்ளைக்கும் ஒரு வயது கூடியிருக்கும். 1985 இல் பிரபுக்கள் சபை கில்லிக் வழக்கில், போதிய விளக்கம் உள்ள பிள்ளை பதினாறு வயதுக்கு முன்னரும் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம் என்று தீர்த்தது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாதுதான். ஆயினும் பல வைத்தியசாலைகள் பயன்படுத்தும் பெற்றோர் சம்மதப் படிவத்தில், எமது கையொப்பத்தோடு பிள்ளை விரும்பினால் தன் பெயரை எழுதுவதற்கும் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். எம்மவர் பலர் அதைக் கவனியாமலே தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தைக் காட்டி, இரண்டாம் முறை என்ன செய்யப் போகிறார்கள் என்று பிள்ளைக்குச் சொன்னால், கழற்றிய கம்பியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றுதான் அது முதலில் கேட்கும். அதையும் வைத்தியரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.