பாறைக்குள் ஒரு சொந்தம்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறும்போது படியோரப் பாறையைச் சற்று உற்றுப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல் மின்னுவது குவார்ட்ஸ். வெளுத்தோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகம் காட்டுவது ஃபெல்ட்ஸ்பார். அதில் பொட்டாசியம் உண்டு. அங்கங்கே அதன் இடத்தில் ரூபிடியம் அமர்ந்திருக்கும்.

இந்த இடமாற்றம் எப்படி நடக்கிறது? 1869-இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ், தனிமங்களை எடைப்படி அடுக்கியபோது குணங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்த்தார். இன்றைய தனிம அட்டவணையில் பொட்டாசியத்துக்கு நேர் கீழே ரூபிடியம். இரண்டுக்கும் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான். அதை எளிதில் விட்டுக்கொடுக்கும் சுபாவமும் ஒன்றே. அதனால்தான் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமர முடிகிறது. அடுத்த கட்டத்திலிருக்கும் கால்சியத்துக்கோ இரண்டு எலக்ட்ரான், குணமும் வேறு.

அப்படிக் குடியேறிய ரூபிடியத்தில் ஒரு வகை, மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்சியமாகிறது. அந்தக் கணக்கை வைத்துப் பாறைகளின் வயதையே சொல்லிவிடுகிறார்கள் நிலவியலாளர்கள். செஞ்சிப் பாறைகளுக்கு வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

பக்கத்தில் இருப்பவரெல்லாம் சொந்தமாகிவிட மாட்டார். நாம் இல்லாத நேரத்தில் நம் இடத்தில் நின்று காரியத்தை முடித்துத் தருபவர் எவரோ, அவரே சொந்தம்.