அரசன் மாறினால் கண்ணும் மாறுமோ?

ஆட்சி மாறும்போது உளவுத் துறையின் தலைவரும் மாறத்தான் வேண்டுமா? இக்கேள்வியை நம்மிடம் கேட்டவர் அரசியல்வாதியல்லர். மஃரிபு தொழுகைக்குப் பின் நம் திண்ணையில் வந்தமர்ந்து பத்திரிகை படிக்கும் ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர். "வீடு கைமாறினால் புதிதாக வந்தவர் பழைய காவற்காரனை மாற்றிக்கொள்வதில்லையா, ஹஸ்ரத்? இதில் சச்சரவுக்கு என்ன இருக்கிறது?" என்றார். உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. காவற்காரன் வாசலில் நிற்பவன். உளவறிபவனோ உள்ளே நடப்பதையும் அறிந்தவன்; புதிய வீட்டுக்காரர் வெளியே இருந்த நாளில் என்ன செய்தார் என்பதையும் எழுதி வைத்திருப்பவன். காவற்காரனை மாற்றுகிறவர் திருடனுக்கு அஞ்சி மாற்றலாம். உளவுத் தலைவரை மாற்றுகிறவரோ பல வேளைகளில் தம்மைப் பற்றி எழுதப்பட்டிருப்பதை எண்ணி அஞ்சுகிறார்.

வள்ளுவப் பெருந்தகை 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஒற்றனை அரசனின் கண் என்கிறார். ஒருவரையொருவர் அறியாத மூவரை ஏவி, மூவர் சொல்லும் ஒத்து வந்தால் மட்டும் நம்பு என்கிறார். ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பை ஊரறியச் செய்யாதே என்கிறார். இத்தனை நுட்பம் சொன்னவர், அந்தக் கண்ணுக்குரிய அரசனே மாறிவிட்டால் கண் என்னாவது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருந்திருக்காது. அவர் காலத்தில் மரணமோ போரோதான் அரசனை மாற்றும். வாக்குச் சீட்டு அன்று.

நாம் வாழும் இந்தத் தகடூர் மண்ணே அப்படி ஒரு மாற்றத்தைக் கண்டதுதான். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியார் கைக்குப் போயிற்று. அதை ஆள வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. அவருக்குத் துணையாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் கவர்னரான மன்றோ, தருமபுரியில் தங்கிப் பணி செய்தவர் என்பதை நம்மூர்ப் பிள்ளைகள் அறிவர். அவர் 1788-லேயே கும்பினிப் படையின் உளவுப் பிரிவில் இதே ரீடுக்கு உதவியாளராகச் சேர்ந்தவர் என்பதைப் பலர் அறியார். எதிரியின் சேதியைத் தொகுத்த அதே இருவர்தாம் இங்கே குடியானவனின் வயலை அளந்து வரி விதித்தார்கள். அங்கே யாருக்கும் குழப்பமில்லை. கண் கும்பினியுடையது, கும்பினி சொன்ன திசையில் பார்த்தது.

குடியரசில் அப்படிச் சொல்லிவிட முடியுமா? 1887-ல் வெள்ளையர் ஆட்சியில் தோன்றியதுதான் மத்திய உளவுப் பணியகம். சுதந்திரப் போராட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து குறிப்பெழுதிய அந்த அமைப்பே, 1947-ல் அதே போராட்டக்காரர்களின் அரசுக்குக் கண்ணாயிற்று. அதன் முதல் இந்தியத் தலைவராகச் சென்றவர் சென்னை மாகாணப் போலீஸ் பணியைச் சேர்ந்த டி. ஜி. சஞ்சீவி. நேற்றுத் தம்மைக் கண்காணித்த அமைப்பை இன்று நம்பிப் பொறுப்பளிப்பது சிறிய செயலன்று. அந்த நம்பிக்கை முப்பது ஆண்டுகளுக்குள் கடுமையான சோதனைக்கு உள்ளாயிற்று.

சீனப் போரும் 1965 பாகிஸ்தான் போரும் கற்பித்த பாடத்தால், வெளிநாட்டு உளவுக்கென 1968 செப்டம்பரில் 'ரா' என்னும் தனி அமைப்பை இந்திரா காந்தி அம்மையார் ஏற்படுத்தினார். அதைத் தொடக்கம் முதல் நடத்தியவர் ஆர். என். காவ். அதிகம் பேசாதவர், படமெடுத்துக்கொள்ள விரும்பாதவர். 1971-ல் வங்கதேசம் பிறந்ததில் அவ்வமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னர் 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. மொரார்ஜி தேசாய் போன்ற தலைவர்கள் பத்தொன்பது மாத காலம் காவலில் வைக்கப்பட்டார்கள். 1977 மார்ச்சில் மக்கள் தீர்ப்பு மாறி அதே மொரார்ஜி பிரதமரானார்.

அவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். அரசின் கண் என்று யாராவது சொன்னால் அவருக்கு நினைவு வருவது தம்மைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாகத்தானே இருக்கும்? அவருடைய ஐயம் அடிப்படையற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். நெருக்கடி நிலையின் அத்துமீறல்களை ஆராய நீதிபதி ஷா தலைமையில் விசாரணை ஆணையம் வந்தது. உளவுப் பணியகமும் மத்தியப் புலனாய்வுத் துறையும் எவ்வாறு பயன்படுத்தப்பட்டன என்று பார்க்க எல். பி. சிங் தலைமையில் ஒரு குழு அமைந்தது. இவை முறையான வழிகள். ஆனால் 'ரா'வில் நடந்தது இந்த முடிவுகளுக்காகக் காத்திருக்கவில்லை. காவ் விலகினார். அடுத்து வந்த கே. சங்கரன் நாயர் சில மாதங்களே இருந்தார். அந்தப் பதவியின் செயலாளர் தகுதியைக் குறைத்து இயக்குநர் என்று ஆக்கியபோது அவரும் வெளியேறினார். பிறகு என். எஃப். சன்டூக் வந்தார். அமைப்பின் ஆட்களும் பணமும் குறைக்கப்பட்டன.

இந்த நாயரைப் பற்றி ஒரு சேதி உண்டு. 'ரா'வில் நெடுங்காலம் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் சென்னையில் வாழ்ந்து 2013-ல் மறைந்த பி. இராமன், 2007-ல் வெளிவந்த தமது நூலில் அதைச் சொல்கிறார். நெருக்கடி நிலையின்போது உள்நாட்டு உளவுப் பணியகத்தின் தலைமை நாயருக்கு வரவிருந்ததாம். முன்னதாகப் பிரதமரின் மகன் சஞ்சய் காந்தியை ஒருமுறை போய்ப் பார்க்கும்படி சொல்லி அனுப்பினார்களாம். அவர் போகவில்லை. பதவி வேறொருவருக்குப் போயிற்று. இராமன் சொல்வதுபோல் நடந்திருக்குமானால், இந்த மனிதரை நாம் எந்தப் பேரேட்டில் எழுதுவது? ஓர் ஆட்சியின் செல்லப் பிள்ளைக்குச் சலாம் போட மறுத்தவர், அந்த ஆட்சியின் ஆள் என்ற ஐயத்தாலேயே அடுத்த ஆட்சியில் நிற்க முடியாமற் போனார். 'இவர் நம்மவரா?' என்று கேட்கத் தொடங்கிய இடத்தில், 'இவர் நேர்மையானவரா?' என்ற கேள்வி வாசலிலேயே நின்றுவிடுகிறது.

1980 ஜனவரியில் அம்மையார் மீண்டும் வந்தார். மொரார்ஜியின் ஆட்சியில் அமர்த்தப்பட்ட சன்டூக் மறுநாளே போய்விடுவார் என்று எதிர்பார்த்தவர் பலர். அவர் 1983 வரை அப்பதவியில் இருந்தார். அம்மையாரின் ஆட்சியைப் பற்றி நமக்குள்ள மனத்தாங்கல்கள் ஒருபுறம் இருக்கட்டும். இதைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது. உள்நாட்டுப் பணியகத்தில் மட்டும் அந்த ஆண்டே புதிய தலைவர் வந்தார் என்பதையும் உடன் சொல்லவேண்டும். தம் வீட்டுக்குள் பார்க்கும் கண்ணைப் பற்றித்தான் எவருக்கும் கவலை அதிகம் போலும். 1989-ல் வி. பி. சிங் ஆட்சி அமைந்தபோதும் பணியகத் தலைவர் எம். கே. நாராயணன் வேறு பொறுப்புக்கு அனுப்பப்பட்டார். சந்திரசேகர் காலத்தில் அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தார்.

நல்ல வழக்கமும் நம் நாட்டில் இல்லாமலில்லை. சையத் ஆசிஃப் இப்ராஹீம் 2013 ஜனவரியில் உளவுப் பணியகத்தின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் முஸ்லிம் அவரே. 2014 மே மாதம் மன்மோகன் சிங் ஆட்சி போய் நரேந்திர மோடி ஆட்சி வந்தது. இப்ராஹீம் அவ்வாண்டு டிசம்பர் வரை இருந்து தம் இரண்டாண்டுக் காலத்தை முடித்தே ஓய்வு பெற்றார். அவருடைய பெயரைக் கேட்டு நம்மவர் மகிழ்ந்தது இயல்பே. நமக்கு அதைவிடவும் ஆறுதல் தந்தது, ஆட்சி மாறிய அந்த ஏழு மாதத்தில் அவர் நாற்காலி அசையாமல் இருந்ததுதான்.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். 2025 மார்ச்சில் இஸ்ரேலின் உள்நாட்டு உளவு அமைப்பான ஷின் பெத்தின் தலைவர் ரோனன் பாரைப் பதவி நீக்க அந்நாட்டு அமைச்சரவை முடிவு செய்தது. பிரதமர் தம்மிடம் தனிப்பட்ட விசுவாசத்தை எதிர்பார்த்தார் என்று அவர் நீதிமன்றத்தில் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார், பிரதமர் மறுத்தார். நீக்கம் முறையற்றது என்று மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; ஜூனில் அவர் தாமே விலகினார். அந்த அமைப்பு பலஸ்தீன மக்களுக்கு இழைத்தவற்றின் கணக்கு தனி. அதை இந்தச் சச்சரவு குறைத்துவிடாது.

'மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிக்குத் தன் அதிகாரியை மாற்றும் உரிமைகூட இல்லையா?' என்று கேட்பார்கள். உண்டு. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவானதும், வெற்றிமேல் வெற்றி கண்ட காலித் பின் வலீத் (ரலி) அவர்களைப் படைத்தலைமையிலிருந்து இறக்கி அபூ உபைதா (ரலி) அவர்களை அமர்த்தினார்கள். பின்னொரு சமயம் எல்லாப் பொறுப்பிலிருந்தும் விலக்கியபோது, கோபத்தாலோ மோசடியாலோ அல்ல, வெற்றி அல்லாஹ்விடமிருந்து வருவதை மறந்து மக்கள் அவரையே நம்பிவிடுவார்கள் என்பதால்தான் என மாகாணங்களுக்கெல்லாம் எழுதி அறிவித்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். காலித் (ரலி) அவர்களோ தமக்குக் கீழிருந்தவரின் கீழ் நின்று போரிட்டார்கள். நீக்கியவர் காரணத்தைப் பகிரங்கமாகச் சொன்னார். நீக்கப்பட்டவர் தம் படையைத் தம்மோடு இழுத்துக்கொண்டு போகவில்லை. நம் நாட்டு உளவு அமைப்புகள் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தவையல்ல, அரசாணையால் அமைந்தவை. தலைவர்களுக்கு இரண்டாண்டு நிலைத்த காலம் என்பது பின்னாளில் வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் நீட்டிப்புக்கும் அதில் வழி உண்டு. நீட்டிப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பவர், கசப்பான சேதியை மேலே எடுத்துச் செல்வாரா?

மேலிடத்துப் பிணக்கு மேலிடத்தோடு நிற்பதாயின் நாம் இதை எழுதவேண்டியதில்லை. நம் மார்க்கம் பிறர் குறைகளைத் துருவித் தேடுவதைத் தடுத்திருக்கிறது. அரபியில் அதைத் 'தஜஸ்ஸுஸ்' என்பார்கள். யஃகூப் நபி (அலை) அவர்கள், காணாமற்போன மகன் யூசுபைத் தேடிப் போங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லும் இடத்தில் வருவதோ 'தஹஸ்ஸுஸ்'. ஓரெழுத்து வேறுபாடு. இரண்டாவது சொல்லும் தீய தேடலைக் குறிக்க வருவதுண்டு என்று நம் உஸ்தாது எச்சரிப்பார்கள். எந்தத் தேடல் எது என்பதைத் தேடுகிறவனின் நிய்யத்தே காட்டும்.

1980-ல் தருமபுரி, வடஆர்க்காடு மாவட்டங்களில் நக்சலைட்டுகளைத் தேடிப் போலீஸார் ஊர் ஊராகச் சென்றபோது நாம் சிறுபிள்ளை. தேநீர்க் கடையில் புதுமுகம் ஒன்று உட்கார்ந்தால் பெரியவர்கள் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்கள். அந்தப் பழக்கம் பலருக்கு இன்னும் போகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிய பிள்ளை ஒருவன் வளைகுடா வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்தான். எவரோ மொட்டைக் கடிதம் எழுதிவிட்டார். விசாரிக்க வந்த அதிகாரி தெருவில் பலரையும் நம்மையும் கேட்டார்; குற்றமொன்றும் இல்லையென எழுதிவிட்டதாகச் சொல்லிப் போனார். காகிதம் நகருமுன் அவருக்கு மாற்றல் வந்தது. அவருக்கும் பின்னால் வந்தவருக்கும் ஏதோ பிணக்கு என்று கேள்வி. முன்னவர் நல்லவிதமாக எழுதியதே புதியவருக்குச் சந்தேகமாயிற்று. மீண்டும் முதலிலிருந்து விசாரணை. முடிவதற்குள் வேலை போயிற்று. பையன் இன்று பென்னாகரம் சாலையில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். நம்மைக் கண்டால் சிரிக்கிறான். அந்த இரு அதிகாரிகளும் அவனை மறந்திருப்பார்கள்.

அந்தத் தபால் ஊழியருக்கு நாம் கடைசியில் சொன்னது ஹுதைஃபா (ரலி) அவர்களின் வரலாற்றை. ஹிஜ்ரி 5-ல் (627) அகழ்ப் போரின்போது, குளிர் காற்று வீசிய ஓர் இரவில், எதிரியின் பாசறைக்குள் சென்று சேதியறிந்து வருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அனுப்பினார்கள். அவர்களைக் கிளர்ந்தெழச் செய்துவிடாதீர் என்றும் சொன்னார்கள். அங்கே படைத்தலைவர் அபூ ஸுஃப்யான் நெருப்பில் முதுகைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஹுதைஃபா அம்பை நாணில் பொருத்திவிட்டார். கட்டளை நினைவுக்கு வந்தது. அம்பை எடுத்துக்கொண்டு திரும்பினார். சில ஆண்டுகளுக்குப் பின் அதே அபூ ஸுஃப்யான் இஸ்லாத்தைத் தழுவினார்.

நயவஞ்சகர்கள் யார் யார் என்ற பெயர்களை நபியவர்கள் ஹுதைஃபாவிடம் மட்டும் அமானிதமாகச் சொல்லி வைத்திருந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது அவரிடம் கேட்டது, 'அந்தப் பட்டியலில் என் பெயர் உண்டா?' என்றுதான். தம் அதிகாரிகளில் எவரேனும் உண்டா என்று கேட்டபோது, ஒருவர் உண்டு என்றார் ஹுதைஃபா. பெயர் சொல்ல மறுத்துவிட்டார். கலீஃபா வற்புறுத்தவில்லை. எவர் ஜனாஸா வந்தாலும் ஹுதைஃபா தொழ வருகிறாரா என்று பார்ப்பார்கள். அவர் வராவிட்டால் தாமும் தொழவைக்க மாட்டார்கள். உமருக்குப் பின் உஸ்மான் (ரலி) அவர்கள் வந்தார்கள். குழப்பம் மூண்டு அவர்களும் கொல்லப்பட்டார்கள். ஒருவரையொருவர் நயவஞ்சகர் என்று ஏசிக்கொண்ட அந்நாளில் அந்தப் பட்டியலைவிடக் கூரிய வாள் எந்தக் கட்சிக்கும் கிடைத்திருக்க முடியாது. எவர் கைக்கும் அது போகவில்லை. ஹிஜ்ரி 36-ல் மதாயினில் ஹுதைஃபாவை அடக்கம் செய்தபோது அந்தப் பெயர்களும் அவரோடு மண்ணுக்குள் போயின.