என் டம்ளர் மட்டும் சுத்தமானால் போதுமா?

தாமானில் ஃபில்டர் விற்க வருகிறவர்கள் ஒரு வித்தை காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். இரண்டு டம்ளர். ஒன்றில் பைப் தண்ணி, இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணி. இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தால், பைப் தண்ணி கொஞ்ச நேரத்தில் சாக்கடை நிறமாகிவிடும். "இதையா பிள்ளைங்களுக்குக் கொடுக்கிறீங்க, அக்கா?" என்று கேட்டதும் நம் அம்மாமார்கள் பயந்து கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

அந்த நிறம் தண்ணியில் இருந்த அழுக்கு இல்லை. கம்பியிலுள்ள இரும்பு கரைந்து வரும் நிறம். பைப் தண்ணியில் கால்சியம், மக்னீசியம் போன்ற தாது உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது. ஆர்.ஓ. தண்ணியில் அவை அநேகமாக இல்லை. மின்சாரம் பாயாது, கம்பியும் கரையாது. அதாவது உடம்புக்கு வேண்டியதையே அழுக்கு என்று காட்டி விற்கிறார்கள். இது வியாபாரத் தந்திரம் இல்லை, பொய்.

பல்லுக்காகக் குழாய் நீரில் சேர்க்கும் ஃபுளோரைடையும் ஆர்.ஓ. பெரும்பாலும் நீக்கிவிடும். கிருமியைத் தடுக்கும் குளோரினை அதிலுள்ள கரி ஃபில்டர் எடுத்துவிடும். அப்புறம் தண்ணி டாங்கியில் கிடந்தால், ஃபில்டரை நேரத்தோடு மாற்றாவிட்டால், கிருமி வளர இடம் கிடைக்கிறது. பல வீட்டு ஆர்.ஓ. கருவிகளில் ஒரு லிட்டர் குடிநீருக்கு சுமார் மூன்று லிட்டர் கழிவாக ஓடுகிறது. இந்தியாவின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம், கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யுமாறு அரசைப் பணித்தது.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறு விஷயம். வசதி உள்ளவன் தன் டம்ளரைக் காப்பாற்றிக்கொண்டதும் ஆற்றைப் பற்றிப் பேசுவதை விட்டுவிடுகிறான். ஆற்றோரம் இருப்பவன் கதி?

2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம்மில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. விஷம் காற்றில் வந்தது. ஃபில்டர் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். அடுத்த மாதமே ஜொகூர் ஆற்றில் அம்மோனியா கூடி, நீர் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. பைப்பில் தண்ணியே வராதபோது எவ்வளவு விலை கொடுத்த ஃபில்டரும் சும்மாதான் நிற்கும்.

பூஜையில் கலசம் வைத்து கங்கை முதல் காவிரி வரை ஏழு நதிகளை அழைக்கிறோம். ஜொகூர் பாருவில் பல வீடுகளில் அந்தக் கலசத்துக்குள் இருப்பது ஜொகூர் ஆற்றுத் தண்ணி. அதை மட்டும் யாரும் நதியாக நினைப்பதில்லை.

ஃபில்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய பைப்பில் துரு வந்தால் வெளியே ஒரு சாதாரண மணல் ஃபில்டர் போடுங்கள். குடிக்கக் கொதிக்க வையுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஆர்.ஓ. இருந்தால் கழிவுத் தண்ணியை வாளியில் பிடித்துத் தரை கழுவலாம். தாமானுக்குப் பின்னால் ஓடும் சுங்கை நிறம் மாறியிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகாமல், சுற்றுச்சூழல் துறைக்கு போன் பண்ணுங்கள். போட்டோ எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.