குழுவிற் சேராத மாணவன்: இணையவழிக் கற்பித்தலின் அறம் பற்றிய ஒரு நோக்கு

கற்றல் கற்பித்தல் பற்றித் தமிழில் எழுந்த இலக்கணச் செய்திகளுள் நன்னூற் பொதுப்பாயிரம் கூறுவனவே நம்மிடையே பெரிதும் பயின்றவை. 13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் ஆசிரியன் இயல்பு, மாணாக்கன் இயல்பு, பாடஞ் சொல்லும் முறை, கேட்கும் முறை என்பனவற்றை வகுத்தோதுமிடத்து ஒரு கணக்கினையும் தந்து செல்கின்றார். ஆசிரியன் உரைத்ததை எத்துணைச் செவ்விதாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும் என்பது அக்கணக்கு. பரீட்சைக்காக இதனை மனனஞ் செய்து பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவந்தோர் நம்மிற் பலர். யானும் அவர்களுள் ஒருவனே. இன்று கூட்டுக் கற்றல் எனக் கல்வியியலார் புதுப்பெயரிட்டுப் பேசுவது இக்கணக்கிலே ஆசிரியனுக்குரிய காற்பங்கு போக எஞ்சிய முக்காற் பங்கினையே என்பதை வெகுகாலம் பின்னரே உணர்ந்தேன்.

உணர்த்தியது நூலன்று, கையடக்கத் தொலைபேசி. வகுப்பறையின் சுவர்கள் அகன்று, ஆசிரியனும் மாணவரும் ஒரு குறுந்திரையிற் குழுவாகச் சேர்ந்தபோது, அக்குழுவிற் சேர முடியாத மாணவனுக்கு ஆசிரியன் கடன்பட்டவனா? கடன்பட்டவனாயின் அக்கடனின் அளவு யாது? இவ்விரு வினாக்களையே இங்கு ஆராய முற்படுகின்றேன். தொழில்நுட்பத்தின் நன்மை தீமைகளைப் பட்டியலிடுவது என் நோக்கமன்று. அத்தகைய கட்டுரைகள் வேண்டிய அளவு வந்துவிட்டன.

நுவரெலியாவிலிருந்து இராகலை நோக்கிச் செல்லும் வீதியில், கடல்மட்டத்துக்கு 6000 அடிக்கு மேல் அமைந்துள்ள சிறுபட்டினம் கந்தப்பளை. பார்க், கொங்கோடியா, கோட்லோஜ் முதலான தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. தேயிலை மலைகளுக்கிடையே கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் விளையும் மரக்கறித் தோட்டங்கள் உண்டு. நானுஓயாவிலிருந்து இராகலை வரை ஒருகாலத்தில் ஓடிய ஒடுக்கப்பாதைப் புகையிரதம் இவ்வூரைத் தொட்டே சென்றது. 1940களில் அது நின்றுபோயிற்று. தண்டவாளம் அகற்றப்பட்ட அவ்வூருக்குப் பல பத்தாண்டுகளின் பின் வந்த பெரும் இணைப்பு தொலைபேசிக் கோபுரமே. ஆயினும் மலையின் ஒரு பக்கத்து லயத்துக்குக் கிடைக்கும் அலை மறுபக்கத்து லயத்துக்குக் கிடைப்பதில்லை. மூடுபனியும் மழையும் மின்தடையும் சேர்ந்த நாட்களிற் கிடைத்ததும் கிடைப்பதில்லை.

2020 மார்ச்சு நடுப்பகுதியில் கொவிட்-19 நோய்ப்பரவல் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறக்கப்பட்டும் மீண்டும் மூடப்பட்டும் ஏறக்குறைய இரண்டு கல்வியாண்டுகள் கழிந்தன. அரச தொலைக்காட்சியிற் பாடங்கள் ஒளிபரப்பாயின. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் தளம் இருந்தது. பல்கலைக்கழக மாணவர்க்கு ‘லேர்ண்’ வலையமைப்பினூடாகச் சூம் விரிவுரைகளைக் கட்டணமின்றிக் கேட்கும் வாய்ப்பும் வழங்கப்பட்டது. தோட்டப்புறப் பாடசாலைகளைப் பொறுத்தவரை நடைமுறையில் எஞ்சியது வட்ஸ்அப் ஒன்றே. 2021 ஓகஸ்டில், ஊவாவின் பொஹிட்டியாவைக் கிராமத்து ஆசிரியையும் மாணவரும் சிறுத்தையும் யானையும் உலவும் காட்டுவழியே நடந்து, பாறை உச்சியில் ஏறி இணையத்தைத் தேடிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. பலர் அதனை விடாமுயற்சியின் சான்றாகப் பாராட்டினர். பாறையின் உச்சிவரை ஏற முடியாமற் போன பிள்ளைகளைப் பற்றி எவரும் கேட்டதாக நினைவில்லை.

அக்காலத்திற் கந்தப்பளையை அண்டிய பாடசாலை ஒன்றில் யான் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்து வந்தேன். குழுவொன்றைத் தொடங்கினேன். வகுப்பிற் பாதிக்கும் குறைவானோரே அதிற் சேர்ந்தனர். வீட்டிலுள்ள ஒரே தொலைபேசி கொழும்பிலே கடையில் வேலைபார்க்கும் தந்தையிடம் இருக்கும்; அல்லது மூன்று பிள்ளைகளுக்குப் பொதுவாயிருக்கும்; அல்லது கொழுந்தெடுக்கச் சென்ற தாய் மாலையில் மலையிலிருந்து திரும்பிய பின்னரே பிள்ளையின் கைக்கு வரும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாவாக்கும் வர்த்தமானி 2021 மார்ச்சிலேதான் வெளிவந்தது என்பதையும், அச்சம்பளமும் நிறை குறைந்த நாளில் முழுமையாகக் கைக்கு வருவதில்லை என்பதையும் இங்கு நினைவுகூர்ந்தால், ‘டேட்டா’ போடுவது எத்தகைய செலவென்பது விளங்கும்.

இதுபற்றி எம் ஆசிரியர் அறையில் ஒரு வாதம் எழுந்தது. எல்லோர்க்கும் கொடுக்க முடியாத பாடத்தை எவர்க்கும் கொடுத்தல் தகாது என்றார் நண்பர் ஒருவர். பொதுப் பாடசாலை என்பது பொதுமையினாலேயே அப்பெயர் பெறுகின்றது. பாதிப்பேர்க்குக் கற்பிக்கும் வகுப்பு கட்டணமற்ற தனியார் வகுப்பே என்பது அவர் கட்சி. வலிமையுள்ள வாதந்தான். ஆயின், ஒருவன் பசித்திருக்கின்றான் என்பதற்காக மற்றவன் இலையையும் எடுத்துவிடுவதாற் பசித்தவன் வயிறு நிறைவதில்லை. எவர்க்கும் நன்மை விளையாத சமத்துவத்தைச் சமத்துவம் என்ற பெயருக்காக மட்டும் நாடலாமா என மேலைத்தேய மெய்யியலாளரும் வினவியுள்ளனர். அவர்களுள் ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியான தமது நீதிக் கோட்பாடு பற்றிய நூலில் ஓர் இடைவழியைக் காட்டினார்: ஏற்றத்தாழ்வு முற்றாக விலக்கத்தக்கதன்று, அது கடைநிலையில் உள்ளவனுக்கும் நன்மை பயக்குமாயின் மட்டுமே ஏற்கத்தக்கது.

யான் இவ்வாதத்தின் முற்பாதியைப் பற்றிக்கொண்டேன், பிற்பாதியை மறந்தேன். கிடைத்தவர்களுக்குக் கற்பித்தேன். கிடைக்காதவனுக்கு அதனால் விளைந்த நன்மை யாதென எண்ணிப் பார்த்தேனல்லேன்.

குழுவினால் விளைந்த நன்மைகளையும் மறைத்தல் முறையன்று. வகுப்பில் ஓராண்டு முழுவதும் வாய்திறவாத மாணவி ஒருத்தி, இரவு எட்டு மணியளவில் ஒரு குரற்பதிவு அனுப்பினாள். அணியிலக்கணத்தில் ஓர் ஐயம். பின்னணியில் மழை தகரக்கூரையிற் கொட்டும் ஓசை. நாற்பது முகங்களின் முன்னே எழாத குரல் முகம் தெரியாத இடத்தில் எழுந்தது. வகுப்பறை என்பதே சிலர்க்கு அச்சத்தின் இருப்பிடமாயிருந்தது என்பதை அன்றுவரை யான் அறிந்திலேன். நேர்முகக் கற்பித்தலின் மேன்மையைப் பேசுவோர் இதனையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். அம்மாணவியின் தொலைபேசி அவளுடையதன்று, தமையனுடையது என்பதும், என் மறுமொழியை முதலிற் கேட்டவன் அவனே என்பதும் பின்னர் தெரியவந்தன. திரையிற் பேசும் தனிமை அத்துணைத் தனிமையன்று.

பல்கலைக்கழகத்தார்க்கும் இதில் ஒரு பங்குண்டு. அதே காலத்தில் தோட்டத்துக்குத் திரும்பியிருந்த மாணவர் சிலர் லயத்துக் காம்பராவின் மூலையிலிருந்து விரிவுரை கேட்டனர். விரிவுரையாளர் ஒருவர் எல்லோரும் ஒளிப்படக்கருவியைத் திறந்து வைத்தல் வேண்டும் என வற்புறுத்தினார். மாணவர் உறங்கிவிடக்கூடாதென்ற அவர் கவலை நியாயமானதே. ஆயினும் ஒரே அறையிற் சமையலும் படுக்கையும் படிப்பும் நிகழும் வீட்டை நூறுபேர் காணத் திறந்து காட்டும்படி கேட்பது வருகைப் பதிவு எடுப்பதோடு ஒத்ததன்று. விரிவுரை மண்டபத்துக்கு வரும் மாணவன் தன் வீட்டை வாயிலிலே விட்டு வருகின்றான். மண்டபம் அவனுக்கு அளித்த சமத்துவத்தின் பெரும்பகுதி அதுவே. திரை அதனைப் பறித்தது. அம்மாணவர் முகம் காட்டாதிருந்தது ஒழுங்கீனமென யான் கருதவில்லை.

மீண்டும் நன்னூலுக்கு வருவோம். ஆசிரியராகாதாரைக் கூறுமிடத்துப் பவணந்தியார் நான்கு உவமைகளைத் தருகின்றார். கழற்காய் பெய்த குடத்திலிருந்து காய்கள் இட்ட முறைப்படி வெளிவருவதில்லை. பருத்திக் குண்டிகையிற் பஞ்சினை அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. மடற்பனை தானாக வீழ்த்தினாலன்றி நெருங்கிப் பழம் பறிக்க விடாது. முடத்தெங்கு ஒருவன் நீர்வார்க்கப் பிறிதொருவன் முற்றத்திற் காயை வீழ்த்தும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்வுவமைகள் வட்ஸ்அப் குழுவுக்கு எத்துணைப் பொருந்துகின்றன என்பது வியப்பிற்குரியது. அலை கிடைத்தபோது ஒருங்கே வந்து விழும் முப்பது செய்திகளுள் விளக்கம் முன்னும் வினா பின்னுமாய்க் கிடக்கும், அது கழற்குடமே. முடத்தெங்கோ இன்னும் நெருக்கமானது. பொதுமக்கள் வரிப்பணத்தில் வேர்விட்ட பாடம் தொலைபேசி உள்ள முற்றத்தில் மட்டும் வீழ்ந்தது.

ஆயினும் கருவியைப் பழித்தல் எளிது. பிளேட்டோவின் ‘பைட்ரஸ்’ உரையாடலிலே சோக்கிரத்தீசர் எழுத்தின் மீதே இக்குறையைச் சாற்றுகின்றார். எழுதப்பட்ட சொல் எத்தனை முறை வினவினும் ஒன்றையே கூறும், யாரிடம் பேசுதல் தகும் என்பதை அறியாது என்பது அவர் முறைப்பாடு. அதனையும் நாம் எழுத்து வழியே அறிகின்றோம். குறை கருவியிலன்றி, அதனைக் கையாண்ட எம் மனத்திலே தோன்றிய ஒரு சொற்றொடரில் உள்ளதென்பது என் துணிபு. “குழுவிற் போட்டாயிற்று” என்பதே அத்தொடர். அனுப்புதலே கற்பித்தலாகிவிட்டது, நீலக்குறி விழுந்தால் கேட்டதாகிவிட்டது. கரும்பலகையின் முன் நிற்பவன் மாணவன் விழிப்பதைக் கண்டு திரும்பவும் சொல்லியே ஆகவேண்டும். அனுப்பியவனுக்கு அக்கட்டாயமில்லை. ஆசிரியனின் கடமை முடிந்த கணத்தைத் தொலைபேசி நேரங்குறித்துச் சான்றும் வழங்கிவிடுகின்றது. 2021 யூலை நடுப்பகுதி முதல் ஒக்டோபர் இறுதிவரை சம்பள முரண்பாட்டை முன்னிட்டு ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றபோது, தம் கைப்பணத்திலேயே அதுவரை கற்பித்து வந்தோம் என்றனர். அது உண்மையே. ஆயினும் அம்மாதங்களில் குழுவில் இருந்த பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் முதன்முறையாக ஒரே நிலையை எய்தினர் என்பதை யான் கசப்போடு எண்ணிக்கொண்டதுண்டு.

பாடசாலை திறந்தபோது எம் வகுப்புக்கு ஒரு மாணவன் திரும்பி வந்தான். வகுப்பு மூடிய மாதங்களில் மரக்கறித் தோட்டமொன்றில் நாட்கூலிக்குக் கரட் கழுவியவன். விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக எண்ணி, குழுவில் முடித்திருந்த பாடத்தில் ஒரு வினாவை அவனிடம் கேட்டேன். எழுந்து நின்றான். “நான் குரூப்புல இல்லீங்க சேர்” என்றான். குரலில் முறைப்பாடு இல்லை. வருகைப் பதிவில் ‘உள்ளேன்’ என்பது போலவே சொன்னான். வகுப்பின் பாதி சிரித்தது. ஒரு குழுவை யான் தொடங்கிய நாளிலேயே இன்னொரு குழுவையும் தொடங்கியிருந்தேன் என்பது அப்போதே எனக்கு உறைத்தது. பெயரிடப்படாத அவ்விரண்டாவது குழுவுக்கு எண் இல்லை, செய்தி இல்லை, வெளியேறும் வழியும் இல்லை.

அக்காலத்தில் வேறென்ன செய்திருக்கலாம் என்னும் வினாவைத் தட்டிக்கழித்தல் எளிது. ஆயின் விடை எம் ஊரிலேயே இருந்தது. 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்குமுன் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஒரே மண்டபமும் ஓராசிரியருமாய் நடந்தவை. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காவிடின் அங்கு கல்வியே நிகழ்ந்திராது. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை முறையும் அதுவே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னை ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்பார், மணலில் எழுதி ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்ட உள்ளூர்ச் சிறுவரைக் கண்டு, அம்முறையை அங்கே புகுத்தி, 1797இல் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்துப் பாடசாலைகளிற் பரவிற்று. வறுமையிற் பிறந்த அம்முறையை ஏட்டிற் படித்துப் பட்டம் பெற்ற யான், வரிசையாய் ஒரே சுவரைப் பகிர்ந்து நின்ற காம்பராக்களுக்கிடையே அதனை நினைத்துப் பார்க்கவில்லை. தொலைபேசி உள்ள மாணவன் பாடத்தைக் கைப்பட எழுதி அடுத்த காம்பராப் பிள்ளைக்குக் கொடுத்து விளக்கும்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நோய்த்தடை கூட்டங்கூடுதலைத் தடுத்தது. ஒரு கொப்பி வாசல் மாறுவதை எவரும் தடுக்கவில்லை. அவ்வாறு செய்திருப்பின் எழுதிக் கொடுத்தவனும் நன்னூல் கூறும் இறுதி அரைப்பங்கைப் பெற்றிருப்பான். றோல்ஸ் வேண்டிய நிபந்தனையும் அங்கேயே நிறைவேறியிருக்கும்.

இதனை அப்போதே செய்த ஆசிரியர்கள் இருந்தனர். வினாத்தாள்களைப் பிரதியெடுத்து லயம் லயமாகச் சென்று கொடுத்தோரை யான் அறிவேன். அவர்களை எண்ணுந்தோறும் ‘இயலவில்லை’ என்ற சொல்லை முழுமனதோடு சொல்ல வாய் வருவதில்லை.

நோய்ப்பரவல் நீங்கிவிட்டது, குழுக்கள் நீங்கவில்லை. வீட்டுவேலையும் பரீட்சை அறிவித்தலும் மேலதிக வகுப்பின் நேரமும் இன்றும் குழுவிலேயே இடப்படுகின்றன. என் வகுப்பிலும் ஒரு குழு உண்டு. வகுப்பில் வாயாற் சொல்லாத எதனையும் அதில் இடுவதில்லை என்பதை வழக்கமாகக் கொண்டுள்ளேன். அவ்வழக்கம் தவறிய நாட்களும் உண்டு. வருகைப் பதிவேட்டின் உள்ளட்டையிற் குழுவில் இல்லாதோரின் பெயர்களைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கின்றேன். இவ்வாண்டு அதில் ஐந்து பெயர்கள். சென்ற வாரம் ஒன்றை அழித்தேன். மாணவிக்குத் தொலைபேசி கிடைத்தது என்றனர். மறுநாள் அவளே வந்து, அப்பா அதனை அடகு வைத்துவிட்டார் என்றாள். பெயரை மீண்டும் எழுதிக்கொண்டேன்.